முதுகில் எழுதிய எண்

ஜனவரி 13, காலை

அத்தானுக்கு,

என் பொம்மைச் சரக்கு ரயிலின் மூன்றாவது பெட்டியில் இந்தக் கடிதத்தை வைத்து, சுவர் ஓட்டை வழியாக உங்கள் தோட்டத்துக்கு அனுப்புகிறேன். நடந்து வந்தால் முப்பது அடி. வந்தால் வார்த்தை தடிக்கும், அக்கா நடுவில் நின்று கண்ணைக் கசக்குவாள். அதனால் எழுத்தில்.

நேற்று நம் தோட்ட ரயில் சங்கத்தார் பதினேழு பேர் பார்த்துக்கொண்டிருக்க, உங்கள் கறுப்பு என்ஜின் சிவப்பு விளக்கைத் தாண்டி வந்து என் நிலையத்தில் நின்றிருந்த பயணிகள் வண்டியின் மேல் ஏறியது. சாப்பாட்டுப் பெட்டி இரண்டாகப் பிளந்துவிட்டது. அதற்குள் பன்னிரண்டு மேசை, மேசைக்கு நான்கு நாற்காலி, ஒவ்வொன்றும் என் கையால் செதுக்கியது. எட்டு மாத வேலை.

உடைந்ததற்குக்கூட நான் எழுதவில்லை. கன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் சொன்னீர்களே, "வாத்தியாரு வயரை மாத்திக் குடுத்துட்டாரு, பச்சைதான் எரிஞ்சுது" என்று, அதற்கு எழுதுகிறேன். அதோடு விட்டீர்களா? கூட்டம் முழிப்பதைப் பார்த்து, என்னைப் பற்றி வழக்கமாகச் சொல்லும் ராணுவ ஆள்சேர்ப்புக் கதையை எடுத்துவிட்டீர்கள். "டாக்டர் நெஞ்சளவு எடுக்க மூச்சை இழுடான்னார். இவன் இழுத்த இழுப்புல டவுசர் கழண்டு விழுந்துது. பட்டாளம் இவனைத் திருப்பி அனுப்பிடுச்சு." எல்லோரும் சிரித்தார்கள். புதிதாகச் சேர்ந்த பல் டாக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

இந்தக் கதையை நான் எத்தனை கல்யாணத்தில், எத்தனை பிறந்தநாளில் கேட்டிருப்பேன்! பிப்ரவரிக் கூட்டத்தில் நீங்கள் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, எரிந்தது சிவப்புதான். இரண்டு, டவுசர் கதை பொய். இரண்டும் உண்மை என்பதால் கஷ்டம் இருக்காது.

இப்படிக்கு,
மச்சான்


ஜனவரி 13, மாலை

வாத்தியார் மச்சானுக்கு,

உன் சரக்கு வண்டி என் பாலத்தில் ஏறும்போது மூச்சு வாங்கியது. சக்கரத்துக்கு எண்ணெய் விடு.

ரிட்டையர் ஆகியும் வாத்தியார் புத்தி போகவில்லை. ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதியிருக்கிறாய். நான் உன் மாணவன் இல்லை. இருபது வருடம் பட்டாளத்தில் லாரி ஓட்டியவன். மலைப்பாதையில் ஓட்டியவனுக்கு உன் தோட்டத்துப் பூந்தொட்டிக்கு நடுவே ஓட்டத் தெரியாதா?

பச்சைதான் எரிந்தது. நீ போன மாதம் வரை வைத்திருந்தாயே கைகாட்டி, கை தூக்கினால் நில், இறக்கினால் போ, அது இருந்தவரை ஒரு விபத்து உண்டா? எதற்காக அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு விளக்கு வைத்தாய்? அதுவும் ஒரே ஒரு குமிழ், அதே குமிழ் சிவப்பாகவும் எரியும் பச்சையாகவும் எரியுமாம். அழகு பார்க்கிறானாம். குற்றம் உன்னுடையது.

சாப்பாட்டுப் பெட்டிக்கு வருத்தம். டவுசருக்கு வருத்தம் இல்லை. நல்ல கதை, ஜனங்கள் கேட்டு வாங்குகிறார்கள்.

உன் அக்கா சொல்லச் சொன்னாள்: "ரெண்டு பேருக்கும் அறுபது ஆச்சு. பொம்மை ரயிலுக்கு அடிச்சுக்கிறீங்க, வெளியில சொல்லிடாதீங்க."

அத்தான்


ஜனவரி 15

அத்தானுக்கு,

பதினேழு பேரில் பதினேழு பேரும் சிவப்பைப் பார்த்தார்கள். கண்ணாடி போட்டவர், போடாதவர், பல் டாக்டரின் எட்டு வயது மகள் உட்பட. நீங்கள் அக்காவின் வீட்டுக்காரர் என்பதற்காக யாரும் வாய் திறக்கவில்லை.

சரி, எழுதிவிடுகிறேன். உங்களுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. இது அக்காவுக்குக்கூடத் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்.

ஆள்சேர்ப்பு முகாம் நடந்த அன்று நீங்கள் எனக்கு அத்தான் இல்லை. அடுத்த தெரு நண்பன். டேய் போட்டுப் பேசிய காலம். பள்ளி மைதானத்தில் இருநூறு பேர் சட்டையில்லாமல், நெஞ்சில் சாக்பீஸ் எண்ணோடு நின்றோம். நீங்கள் நாற்பத்தேழு, நான் நாற்பத்தெட்டு. ஓட்டத்தில் இருவரும் தேறினோம். நெஞ்சளவில் நானும் தேறினேன், டவுசர் இடுப்பிலேயே இருந்தது. அப்புறம் மேசைமேல் அந்தப் புத்தகம். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள், புள்ளிக்குள் ஒரு எண் ஒளிந்திருக்கும். முந்தின நாளே நீங்கள் சொல்லிவிட்டீர்கள்: "டேய், எனக்கு அதுல ஒண்ணுமே தெரியாதுடா. ஏதாவது பண்ணு."

பண்ணினேன். உங்களுக்குப் பின்னால் ஒட்டி நின்று, புத்தகத்தை எட்டிப் பார்த்து, ஒவ்வொரு எண்ணையும் உங்கள் வெறும் முதுகில் விரலால் எழுதினேன். பன்னிரண்டு. எட்டு. இருபத்தொன்பது. நீங்கள் வாயால் சொன்னீர்கள். ஏழாவதும் கடைசியுமான பக்கத்தை எழுதி முடித்தபோது அளவெடுக்கும் ஆள் என் கையைப் பார்த்துவிட்டான். உங்களைக் கிச்சுகிச்சு மூட்டுகிறேன் என்று நினைத்தான். "வரிசையில விளையாட்டா? வெளிய போடா" என்று என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். என் பெயருக்கு நேரே கோடு விழுந்தது. இனி எந்த முகாமுக்கும் வரக்கூடாது என்று எழுதினார்கள்.

நீங்கள் உள்ளே போனீர்கள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாற்பத்தொரு வருடம் இதை யாரிடமும் சொல்லாமல் இருந்ததற்கு எனக்குக் கிடைத்தது டவுசர் கதை. பிப்ரவரிக் கூட்டத்தில் நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

மச்சான்


ஜனவரி 16

சொல்லிக்கொள். யார் நம்புகிறார்கள் பார்க்கலாம்.

நீ எனக்கு நல்லது செய்ததாக நாற்பத்தொரு வருடம் மனப்பால் குடித்துக்கொண்டிருக்கிறாய். நீ செய்தது என்னவென்று உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுதமாட்டாய்.

இன்று மதியம் ஓட்டையைச் செங்கல் வைத்து அடைக்கிறேன். சிமெண்டு குழைத்தாயிற்று. உன் வண்டி இனி சுவரில் முட்டிக்கொண்டு நிற்கட்டும்.


ஜனவரி 24

அத்தானுக்கு,

ஒரு சுவரைத் தாண்ட இந்தக் கடிதத்துக்கு இரண்டு நாளாவது ஆகும். விலாசம் எழுதிய வெறும் உறையைக் காட்டி எத்தனை நாளாகும் என்று விசாரித்தேன். தபால்காரர் என்னிடம், "சார், இது உங்க பின் வீடுதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்.

உங்கள் செங்கல் வேலையைப் பார்த்தேன். கோணல். தண்டவாளத்தின் மேலேயே சிமெண்டைக் கொட்டியிருக்கிறீர்கள். நான்கு அடி பித்தளைத் தண்டவாளம் பாழ்.

நேற்று அக்கா இங்கே வந்தாள். உட்காரவில்லை. "அவர் ஏழு நாளா தோட்டத்துப் பக்கமே போகலை. என்ஜினையெல்லாம் பெட்டியில போட்டுக் கட்டிட்டார். என்னடா எழுதினே?" என்றாள். வயர் தகராறு என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

நான் செய்தது என்னவென்று எனக்குத் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். மிரட்டலா, நிஜமா? நிஜம் என்றால் எழுதுங்கள். என்னைப் பயமுறுத்திப் பார்ப்பதற்காக எழுதியிருந்தால், பிப்ரவரிக் கூட்டம் ஒன்பதாம் தேதி என்பதை நினைவூட்டுகிறேன்.

மச்சான்


பிப்ரவரி 2

மச்சான்,

கேட்டாய், வாங்கிக்கொள்.

நான் லாரி ஓட்டினேன் அல்லவா, எப்படி ஓட்டினேன் என்று ஒரு நாளாவது யோசித்தாயா? சாலை விளக்கில் மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ. நிறமே வேண்டாம். முன்னால் போகிற வண்டி நின்றால் நானும் நிற்பேன். இப்படித்தான் இருபது வருடம்.

மூன்றாம் வருடம் ஒரு ரயில் யார்டில் எங்கள் லாரிகளைச் சரக்குப் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டிருந்தோம். நல்ல உச்சி வெயில். பலகைமேல் பின்பக்கமாக ஏற்ற வேண்டும். பின்னால் ஒருவன் இரண்டு கொடிகளோடு நின்று வழிகாட்டுவான். பச்சை என்றால் வா, சிவப்பு என்றால் நில். என்னோடு ஒரே கூடாரத்தில் படுத்தவன்தான் அன்று கொடிக்காரன். பலகை நகர்ந்துவிட்டது. அதைச் சரிசெய்ய அவன் காலை இடுக்கில் வைத்துக்கொண்டு ஒரு கொடியை உயர்த்திப் பிடித்தான். கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது ஒரு துணி. அதுவரை ஐந்து லாரிக்கும் பச்சையே காட்டியிருந்தான். இதுவும் பச்சைதான் என்று வண்டியை விட்டேன்.

முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

விசாரணையில் அவன் சிவப்பு என்றான். நான் பச்சை என்றேன். தரையில் இரண்டு கொடியும் கிடந்தன. மேஜர் என் காகிதத்தைப் புரட்டினார். கண் பரிசோதனை: குறையில்லை. உன் விரல் எழுதிய எண்கள், மச்சான். அந்த ஒரு வரியை வைத்து அவனைப் பொய்யன் ஆக்கினார்கள். 'கொடியைத் தவறாகக் காட்டித் தனக்குத் தானே காயம் விளைவித்துக்கொண்டார்' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் வாய் திறக்கவில்லை.

உன்னைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் முதுகில் ஊர்ந்த அந்த விரல்தான் நினைவு வரும். நீ ஒரு நல்லவனாக, எனக்காகத் தியாகம் செய்தவனாக என் எதிரில் நடமாடுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. கோமாளியாக்கினால் பொறுக்க முடிந்தது. அதற்குத்தான் டவுசர். உன்னை எனக்குப் பிடிக்காது. உன் அக்காவைக் கட்டியிருக்காவிட்டால் இந்தத் தெருவுக்கே குடிவந்திருக்கமாட்டேன்.

கூட்டத்தில் போய் இதையும் சேர்த்துச் சொல்.

அத்தான்


பிப்ரவரி 10

அத்தானுக்கு,

நேற்று கூட்டத்தில் எழுந்து நின்றேன். தொண்டையைச் செருமினேன். "அடுத்த மாதம் எண்ணெய் மொத்தமாக வாங்கலாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நீங்கள் வரவில்லை என்பதால் ருசி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். கோபம் குறையவில்லை, பாதி என்மேலேயே திரும்பிவிட்டது. அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கைகாட்டியைப் பிடுங்கியது அழகுக்கு இல்லை. கை ஏறுவதையும் இறங்குவதையும் வைத்து நீங்கள் ஓட்டுவது எனக்குத் தெரியும். ஒற்றைக் குமிழ் வைத்தால் பதினேழு பேர் முன்னால் நீங்கள் திணறுவீர்கள் என்று தெரிந்தே, தேதி பார்த்து, விருந்தாளிகள் வரும் வாரத்தில் மாட்டினேன். "விளக்கு தெரியலையேடா" என்று நீங்களாகக் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் கேட்கவில்லை, முட்டிவிட்டீர்கள். சாப்பாட்டுப் பெட்டி உடைந்தபோது எனக்கு ஒரு நொடி சந்தோஷம்கூட வந்தது. இதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். தெரிந்துகொள்ளுங்கள், அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கொடிக்காரர். உங்கள் கடிதம் முழுக்க உங்கள் கஷ்டம் இருக்கிறது. அவர் இப்போது எங்கே என்று ஒரு வரி இல்லை. உயிரோடு இருக்கிறாரா? என்னைக் கோமாளியாக்கித் தப்பித்தீர்களே, அவரை என்ன ஆக்கினீர்கள்? இன்றே அவருக்கு எழுதுங்கள். ஆண்பிள்ளையாக இருந்தால் உண்மையை அப்படியே எழுதுங்கள்.

மச்சான்


ஏப்ரல் 6

வாத்தியாரே,

எழுதினேன். விலாசம் என்னிடம் எப்போதும் இருந்தது. மூன்று வீடு மாறினோம், மூன்று வீட்டுக்கும் அந்தத் துண்டுத்தாளைக் கொண்டுபோனேன். உன் அக்காவிடமும் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவள் என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறாள்.

அவன் பதில் மூன்று வாரம் கழித்து வந்தது. முழுவதையும் இங்கே எழுதுகிறேன். நீளம் இல்லை.

"உன் கடிதம் கிடைத்தது. நான் கடிகாரக் கடை வைத்திருக்கிறேன். உட்கார்ந்து செய்கிற வேலை. நான் அஜாக்கிரதையால் காலை இழந்தவன் என்று நினைத்துக்கொண்டே என் அப்பா செத்தார். ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், என் பெண்டாட்டி உட்பட. உன் மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பட்டாளத்துக்கு எழுது. அந்த வரியை அவர்கள் அடிக்க வேண்டும். அது நடந்தால் எனக்கு எழுது. இல்லாவிட்டால் எழுதாதே."

பட்டாளத்து ஆவண அலுவலகத்துக்கு எழுதினேன். கண் டாக்டரின் சர்டிபிகேட்டையும் வைத்தேன். பதில் வந்திருக்கிறது. இன்றைக்கு என் கண்ணில் குறை இருப்பதால் அன்றைக்கும் இருந்தது என்று ஆகிவிடாதாம். சேரும்போதே குறை இருந்ததை நேரில் அறிந்த ஒருவர் கையெழுத்திட்டுச் சாட்சி சொல்ல வேண்டுமாம்.

அப்படி உலகத்தில் ஒரே ஆள்தான் இருக்கிறான். நீயே எழுதியிருக்கிறாய், எனக்கு மட்டும் தெரியும் என்று.

சாட்சிக் கடிதத்தை நானே எழுதி வைத்திருக்கிறேன். கீழே கையெழுத்துப் போடு, போதும்.

அத்தான்


ஏப்ரல் 14

அத்தானுக்கு,

கடிதமும் உடன் வைத்த தாளும் கிடைத்தன. கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லவில்லை. சில விஷயங்களை யோசிக்க வேண்டும்.

ஒன்று, தாளில் எழுத்துப்பிழைகள் இருக்கின்றன. இரண்டு, முகாம் நடந்த தேதி ஐந்தா ஆறா என்று எனக்குச் சந்தேகம். மூன்று, நான் முப்பத்துநான்கு வருடம் பரீட்சை ஹாலில் நின்றவன். கழுகு வாத்தியார் என்று எனக்குப் பெயர். பக்கத்துப் பையன் தாளை எட்டிப் பார்த்ததற்காக எத்தனை பேரை எழுப்பி வெளியே அனுப்பியிருக்கிறேன் என்று கணக்கில்லை. அதில் ஒருவன் அழுதுகொண்டே போனது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

வருகிற மே 20 அன்று பள்ளியில் புதிதாகக் கட்டிய பரீட்சை ஹாலுக்கு என் பெயர் வைக்கிறார்கள். பலகை எழுதி மாட்டியாகிவிட்டது. 'நேர்மையின்' என்று தொடங்குகிறது. இந்த நேரத்தில் நான் ஒருவன் முதுகில் விடை எழுதியவன் என்று அரசாங்கத் தாளில் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். விழா முடியட்டும். ஒரு மாதம்தானே. முடிந்த மறுநாளே போட்டுத் தருகிறேன்.

மச்சான்


ஏப்ரல் 17

மச்சான்,

டிரைவர் பரீட்சை முடியட்டும், அப்புறம் சொல்கிறேன் என்று நினைத்தேன். முடிந்தது. கல்யாணம் முடியட்டும் என்று நினைத்தேன். உன் அக்காவைக் கட்டினேன். மகள் பிறக்கட்டும், பதவி உயர்வு வரட்டும், ரிட்டையர் ஆகட்டும் என்று நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு மாதம்தான் இருந்தது.

ஜனவரியில் எனக்கு இரண்டு உத்தரவு போட்டாய். பிப்ரவரியில் 'ஆண்பிள்ளையாக இருந்தால்' என்று எழுதினாய். இப்போது எழுத்துப்பிழை பார்க்கிறாய். உன் ஹாலில் இப்படி ஒரு பையன் சாக்கு சொன்னால் நீ என்ன செய்வாய் என்று உனக்கே தெரியும்.

உன்னைப் பற்றிக் கூட்டத்தில் இனி எந்தக் கதையும் சொல்லமாட்டேன். தேவையில்லை. நீ யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அத்தான்


மே 2

அத்தானுக்கு,

கையெழுத்துப் போட்ட தாள் இத்துடன் இருக்கிறது. தேதி ஆறுதான், பழைய டைரியில் பார்த்தேன். எழுத்துப்பிழைகளைத் திருத்தியிருக்கிறேன், அது என் வியாதி.

ஒரு நகலைப் பள்ளித் தலைமை ஆசிரியருக்கும் அனுப்பிவிட்டேன். முந்தாநாள் அவர் நேரில் வந்தார். "சார், இதையெல்லாம் இப்ப எதுக்கு சார் கிளறிக்கிட்டு?" என்றார். பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். காபி குடித்துவிட்டுப் போனார். நேற்று பள்ளிப் பக்கம் நடந்தபோது பார்த்தேன், பலகையைக் கழற்றியிருந்தார்கள். நான்கு ஆணி மட்டும் சுவரில் இருந்தது. வயிறு எரிந்தது. பொய் சொல்லவில்லை, உங்கள்மேல்தான் எரிந்தது.

உங்களோடு சமாதானமாகிவிட்டேன் என்று அக்காவிடம் சொல்ல வேண்டாம். ஆகவில்லை. நீங்கள் ஏன் என்னைக் கோமாளியாக்கினீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. புரிந்ததால் வலி குறைந்துவிடவில்லை.

தாளில் ஒரு வாக்கியத்தை மட்டும் அடித்துவிட்டு, ஓரத்தில் வேறு எழுதி, அதற்குத் தனியாகக் கையெழுத்திட்டிருக்கிறேன். 'இவர்மேல் வைத்திருந்த நட்பினால் நான் இவருக்கு உதவினேன்' என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். என்னைக் காப்பாற்றுவதற்காக எழுதினீர்களோ, பழக்கத்தில் எழுதினீர்களோ தெரியாது. எனக்கும் அதுவரை அப்படித்தான் நினைப்பு. இந்தத் தாளை மேசையில் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் உட்கார்ந்தபோதுதான் அது பொய் என்று தெரிந்தது.

அன்று காலை வரிசையில் நின்றபோது நான் வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டாளத்துக்குப் போக எனக்கு ஆசையே இல்லை. அப்பா போகச் சொன்னார். நீங்கள் கூட இருந்தால் போய்விடலாம் என்று இருந்தேன். உங்கள் கண் குறையைக் கண்டுபிடித்துவிட்டால் நான் ஒருவனாக உள்ளே போக வேண்டும். அந்தப் பயத்தில்தான் உங்கள் முதுகில் எழுதினேன், தாளின் ஓரத்தில் இருப்பதும் அதுதான். வெளியே துரத்தியபோது எனக்கு முதலில் வந்தது அவமானம் இல்லை, அத்தான். நிம்மதி. மைதானத்து வாசலைத் தாண்டியதும் ஓடினேன்.

கடிகாரக்காரருக்கு ஒரு நகல் போகிறது. அவர் கால் போனதற்குக் காரணம் யாரோ இருவரின் நட்பு என்று அவர் படிக்க வேண்டாம்.

மச்சான்